எட் மலோனி: கையில் இருந்த குறிப்பேடும் கைவிட்டுப் போன ஒலிநாடாவும்

#1 அச்சுமை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் உயிரைப் பணயம் வைத்து உங்களிடம் ஒன்றைச் சொல்கிறார். வெளியே சொல்ல மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அந்த வாக்கு எதுவரை செல்லும்? இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எட் மலோனியின் நினைவுதான் வருகிறது. அவர் இந்தச் சோதனையை இரண்டு முறை சந்தித்தவர். முதல் முறை வென்றார். இரண்டாம் முறை தோற்றார்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1948-இல் பிறந்தவர். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஹைபர்னியா, மகில் ஆகிய இதழ்களில் எழுதினார். 1980-களில் ஐரிஷ் டைம்ஸின் வடபகுதி ஆசிரியராகவும், பிறகு சண்டே ட்ரிப்யூனின் வடபகுதி ஆசிரியராகவும் இருந்தார். வட அயர்லாந்தில் 3,500-க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட அந்த நீண்ட மோதலை அங்கே 'தொல்லைகள்' என்றே அழைக்கிறார்கள். அதை வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர் அல்லர் மலோனி. அந்தத் தெருக்களிலேயே இருந்து எழுதியவர்.

முதல் சோதனைக்கு வருகிறேன். 1989 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை மாலை. வடக்கு பெல்ஃபாஸ்டில் பாட் ஃபினுகேன் என்ற வழக்கறிஞர் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முகமூடி அணிந்தவர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, குழந்தைகளின் கண் முன்னாலேயே பதினான்கு முறை சுட்டார்கள். மனைவியின் காலிலும் ஒரு குண்டு பாய்ந்தது. பொறுப்பேற்றது யூடிஏ. வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற விசுவாசிகளின் ஆயுதக் குழு அது.

அடுத்த ஆண்டு, அதே குழுவின் ஆயுதக் காப்பாளராக இருந்த வில்லியம் ஸ்டோபி என்பவர் மலோனியிடம் பேசினார். தான் காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்கும் உளவு சொல்லி வந்ததாகவும், ஒரு கொலை நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்ததாகவும், அதைத் தடுக்க அவர்கள் எதுவும் செய்யவில்லை என்றும் சொன்னார். ஒரே நிபந்தனை, தான் சொல்லும்வரை எதையும் வெளியிடக் கூடாது என்பது. தனக்கு ஏதாவது நேர்ந்தால் உண்மை எங்காவது இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் பேசினார்.

அந்தக் குறிப்புகள் ஒன்பது ஆண்டுகள் மலோனியிடமே கிடந்தன. ஒரு செய்தியாளனுக்கு அது எத்தனை பெரிய பாரம் என்று தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் செய்தி பெட்டிக்குள் இருக்கிறது. வெளியிட்டால் பெயரும் புகழும் வரும். ஆனால் பேசியவன் செத்துப்போவான்.

1999 ஜூனில் ஃபினுகேன் கொலை வழக்கில் ஸ்டோபி கைது செய்யப்பட்டார். இனிச் சொல்லலாம் என்ற அனுமதி வந்தது. மலோனி வெளியிட்டார். உடனே காவல்துறை அந்தப் பழைய குறிப்புகளைக் கேட்டது. கீழ் நீதிமன்றம் ஒப்படைக்கச் சொன்னது. சிறைக்குப் போக நேரிடலாம் என்று தெரிந்தே அவர் மறுத்தார். அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி ராபர்ட் கார்ஸ்வெல் அந்த உத்தரவை ரத்துச் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த ஐரிஷ் பத்திரிகையாளர் என்ற விருதும் மலோனிக்குக் கிடைத்தது.

இரண்டாம் சோதனையைப் பற்றி அடுத்து எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 தமிழ்க்குமரன் எழுதியது:

ஐயா, நான் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒரு சந்தேகம். செய்தி ஏற்கெனவே வெளியாகிவிட்டதே, பிறகு எதற்குக் குறிப்புகளைக் காப்பாற்ற வேண்டும்? ஸ்டோபியின் பெயரும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மலோனி எதைத்தான் மறைத்தார்?

#3 சட்டநாதன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. காவல்துறை கேட்டது செய்தியை அன்று, சாட்சியத்தை. ஸ்டோபி மீது வழக்கு நடக்கிறது. அவர் செய்தியாளரிடம் நம்பிப் பேசியதையே எடுத்து அவர் கழுத்தில் கயிறாகப் போட நினைத்தார்கள். பத்திரிகையாளன் ஒருமுறை அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டால், அப்புறம் அந்த ஊரில் எவன் அவனிடம் வாய் திறப்பான்?

கார்ஸ்வெல் தீர்ப்பின் நுட்பமும் இங்கேதான் இருக்கிறது. பத்திரிகையாளர்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்று அவர் சொல்லவில்லை. 'இந்தக் குறிப்புகள் ஏதாவது பயன்படலாம்' என்று ஊகித்தால் போதாது, புலன்விசாரணைக்கு அவை கணிசமாகப் பயன்படும் என்று நம்ப நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்றார். காவல்துறையால் அதைக் காட்ட முடியவில்லை. பெரிய கொள்கை முழக்கம் எதுவும் இல்லாத, அளவுகோலை மட்டும் சரியாகப் பிடித்த தீர்ப்பு. அதனால்தான் அதை எனக்குப் பிடிக்கும்.

ஸ்டோபியின் முடிவையும் சொல்ல வேண்டும். 2001 நவம்பரில் முக்கியச் சாட்சி சாட்சி சொல்லாததால் வழக்கு சரிந்து அவர் விடுதலையானார். டிசம்பர் 12 அன்று பெல்ஃபாஸ்டில் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலையாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

#4 கயல்விழி எழுதியது:

அச்சுமை ஐயாவுக்கு நன்றி. நான் பதினோரு ஆண்டுகளாகப் பெல்ஃபாஸ்டில் செவிலியராக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கு இந்த ஊரின் வரலாறு எதுவும் தெரியாது. மேற்கு பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் குடியிருப்புக்கும் புரொட்டஸ்டன்ட் குடியிருப்புக்கும் நடுவில் உயரமான சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சில இடங்களில் அவற்றில் வாயிற்கதவுகள் உண்டு, மாலையில் அவற்றைப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் வேலை முடிந்து குறுக்குவழியில் போகலாம் என்று நடந்து, பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். அன்றைக்குத்தான் இங்கே அமைதி என்று 1998 சமாதான ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு, தெருவில் இருப்பது வேறு என்று புரிந்தது.

முதிய நோயாளிகள் எல்லாவற்றையும் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள், மழை, உருளைக்கிழங்கு விலை, எல்லாம். ஆனால் 1970-களுக்குள் பேச்சு நுழைந்தால், சாளரப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கே 'டவுட்' (tout) என்று ஒரு சொல் இருக்கிறது. காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். ஒருவர் மீது அந்தச் சொல் விழுந்துவிட்டால் அது அவர் பிள்ளைகளின் காலம்வரை போகாது. அப்படிப்பட்ட ஊரில் மக்களைப் பேச வைத்தார் மலோனி என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

#5 அச்சுமை எழுதியது:

சகோதரி, அந்தச் சொல்தான் நான் சொல்லவிருந்த இரண்டாம் கதையின் மையம்.

2001-இல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 'பெல்ஃபாஸ்ட் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. ஆயுதம் ஏந்தியவர்களையே பேச வைத்து, அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து, அவர்கள் இறக்கும்வரை பூட்டி வைப்பது நோக்கம். திட்ட இயக்குநர் மலோனி. வட அயர்லாந்து ஐரிஷ் குடியரசோடு இணைய வேண்டும் என்ற குடியரசுத் தரப்பினரிடம் பேசியவர் ஆன்டனி மக்கின்டயர். அவரே அத்தரப்பின் ஆயுதக் குழுவான ஐஆர்ஏவில் இருந்து, கொலைக் குற்றத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகள் சிறையில் கழித்து, வெளியே வந்து முனைவர் பட்டம் பெற்றவர். விசுவாசிகள் தரப்பில் வில்சன் மக்கார்தர். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். நாடாக்களில் பெயர் இருக்காது, குறியீடு மட்டும். எல்லாம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கல்லூரியின் பர்ன்ஸ் நூலகத்தில் பூட்டப்பட்டன.

பேசியவர்களில் ஒருவர் பிரெண்டன் ஹியூஸ். ஐஆர்ஏவின் பெல்ஃபாஸ்ட் தளபதிகளில் ஒருவர். 2008-இல் இறந்தார். ஒப்பந்தப்படி அவர் பேச்சு வெளியே வரலாம். 2010-இல் மலோனி அதை நூலாக்கினார். அதில் ஹியூஸ் சொன்னவற்றில் ஒன்று ஜீன் மக்கான்வில்லைப் பற்றியது. கணவனை இழந்தவர், பத்துக் குழந்தைகளின் தாய். 1972 டிசம்பரில் டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஐஆர்ஏவினரால் இழுத்துச் செல்லப்பட்டு, கொல்லப்பட்டு, ரகசியமாகப் புதைக்கப்பட்டவர். 2003 ஆகஸ்டில்தான் லவுத் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கொலைக்கு உத்தரவிட்டவர், குடியரசுத் தரப்பின் சின் ஃபெயின் கட்சிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்த ஜெரி ஆடம்ஸ் என்று ஹியூஸ் சொல்லியிருந்தார். ஆடம்ஸ் அதை முற்றாக மறுத்தார். ஐஆர்ஏவில் தான் இருந்ததே இல்லை என்பதுதான் எப்போதும் அவர் நிலை.

2011 மே மாதம் பாஸ்டன் கல்லூரிக்கு அழைப்பாணை வந்தது. வட அயர்லாந்துக் காவல்துறை கேட்கிறது, நாடாக்களைக் கொடு என்று.

#6 இளவேனில் எழுதியது:

மன்னிக்கவும் ஐயா, இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. இழை முழுக்கப் பேசியவனின் பாதுகாப்பைப் பற்றியே போகிறது. அந்தப் பத்துக் குழந்தைகளின் பக்கம் நின்று யாராவது ஒரு வரி எழுதினீர்களா? அம்மாவை இழுத்துப் போனபோது அவரைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைகள். பிறகு அநாதை விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். முப்பது ஆண்டுகள் அம்மாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. யார் செய்தார்கள் என்ற விடை பாஸ்டனில் ஒரு பெட்டியில் இருக்கிறது என்றால், அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா? செய்தியாளனின் வாக்கு பெரிதா, பெற்ற தாயின் கொலை பெரிதா?

#7 கயல்விழி எழுதியது:

இளவேனில், உங்கள் கோபம் நியாயமானது. டிவிஸின் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டார்கள், இருபது மாடிக் கோபுரம் மட்டும் ஃபால்ஸ் சாலையின் முனையில் இன்னும் நிற்கிறது. 2005 வரை அதன் உச்சியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்காணிப்புச் சாவடி இருந்தது. பேருந்தில் அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நாடாக்கள் இல்லாவிட்டால் ஹியூஸ் சொன்னது யாருக்குத் தெரிந்திருக்கும்? இறக்கும்வரை வெளியே வராது என்ற வாக்கை நம்பித்தானே அவர் பேசினார்? வாக்கு இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

#8 இளவேனில் எழுதியது:

அக்கா, அப்படியென்றால் 2010-இலேயே நூலை ஏன் வெளியிட வேண்டும்? ஹியூஸ் இறந்துவிட்டார், சரி. ஆனால் அவரைப் போலவே பேசிய மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களே. பெட்டி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று காவல்துறைக்கு அந்த நூல்தானே காட்டிக்கொடுத்தது? 1999-இல் ஒன்பது ஆண்டுகள் பொறுத்தவர், 2010-இல் ஏன் பொறுக்கவில்லை? மலோனியின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த அவசரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

#9 சட்டநாதன் எழுதியது:

இளவேனில் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். என் வேலையே ஒப்பந்தம் எழுதுவதும் திருத்துவதும் என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்.

இரண்டு தாள்கள். முதலாவது, கல்லூரிக்கும் மலோனிக்கும் இடையே. ரகசியம் காக்கப்படும், 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்று அதில் ஒரு சிறு தொடர் இருந்தது. இரண்டாவது, பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட தாள். அதில் அந்தத் தொடர் இல்லை. தான் இறக்கும்வரை, தன் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது என்றுதான் அவர்கள் படித்தார்கள், கையெழுத்திட்டார்கள்.

பெல்ஃபாஸ்டில் ஒரு சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்தவனுக்கு முதல் தாளில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கல்லூரியின் வழக்கறிஞர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மலோனியும் பார்த்திருக்க வேண்டும். யார் மீது எவ்வளவு குற்றம் என்பதில் அவர்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் சண்டை நடந்தது. இரண்டு தரப்பையும் நான் விடுவிக்க மாட்டேன், ஆனால் சட்ட அறிவும் வழக்கறிஞர் பட்டாளமும் இருந்த நிறுவனத்தின் பங்குதான் பெரிது.

நீதிமன்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவும் பிரிட்டனும் குற்ற வழக்குகளில் ஒன்றுக்கொன்று உதவ ஒப்பந்தம் செய்துகொண்டவை. அதன்படிதான் அழைப்பாணை. மலோனியும் மக்கின்டயரும் எதிர்த்து வழக்காடினார்கள். கல்லூரி முதல் சுற்றுத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யாதபோதும் இவர்கள் விடவில்லை. ஆனால் செய்தியாளர்கள் குற்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் தர மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருந்தது. அது குறுக்கே நின்றது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இவர்கள் மனுவை ஏற்க மறுத்தது. இரண்டாம் சுற்றில் கல்லூரி செய்த மேல்முறையீட்டால் ஒரு நன்மை கிடைத்தது: 85 பேட்டிகளைக் கொடுக்க வேண்டும் என்றிருந்த உத்தரவு 11 ஆகக் குறைந்தது.

1999-இல் குறிப்பேடு மலோனியின் கையில் இருந்தது. மறுக்கவும் சிறைக்குப் போகவும் அவரால் முடிந்தது. 2011-இல் நாடா வேறொருவரின் பெட்டகத்தில் இருந்தது. அவர் சிறைக்குப் போகத் தயார் என்றாலும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

#10 தமிழ்க்குமரன் எழுதியது:

சட்டநாதன் ஐயா, கடைசிப் பத்தியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் வகுப்பில் எல்லாவற்றையும் மேகக் கணிமையில் சேமிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது யாருடைய பெட்டகம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நாடாக்களால் கடைசியில் யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

#11 அச்சுமை எழுதியது:

தம்பி, மக்கான்வில் வழக்கில் இல்லை. 2014 ஏப்ரல் 30 அன்று ஆடம்ஸ் கைது செய்யப்பட்டார். நான்கு நாள் விசாரணைக்குப் பிறகு குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஐவர் பெல் என்ற மூத்த ஐஆர்ஏ உறுப்பினர் மீது வழக்குப் போட்டார்கள். அதற்குள் அவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. 2019 அக்டோபரில் நீதிபதி அந்த ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்கவே மறுத்தார். நம்பத்தகுந்தது அன்று, பேட்டி எடுத்தவருக்கு ஆடம்ஸ் மீது வன்மம் இருந்தது என்றார். பெல் குற்றமற்றவர் என்றே முடிந்தது.

அந்த விமரிசனத்தை மறைக்க நான் விரும்பவில்லை. மக்கின்டயர் சமாதான ஒப்பந்தத்தை எதிர்த்தவர், பேசியவர்களிலும் பலர் ஆடம்ஸோடு முரண்பட்டவர்கள். மலோனிக்கும் ஒரு பார்வை இருந்தது. 2002-இல் அவர் எழுதிய ஐஆர்ஏ வரலாற்றின் மையமே, ஆடம்ஸ் தன் ஆட்களுக்கே தெரியாமல் அலெக் ரீட் என்ற பாதிரியார் வழியாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே சமாதானத்துக்கு வழி தேடத் தொடங்கிவிட்டார் என்பதுதான். லிபியாவிலிருந்து சுமார் 150 டன் ஆயுதங்களோடு வந்து 1987-இல் பிரெஞ்சு அதிகாரிகளிடம் சிக்கிய எக்சுண்ட் கப்பலை யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்வியையும் அதில் விடாமல் துருவினார். ஒரு தலைவரை இத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்த்தவனுக்குச் சாய்வு வராமல் இருக்குமா? வரும். ஆனால் அவர் கண்டெடுத்த உண்மைகளை அந்தச் சாய்வைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது.

ஆக, பிள்ளைகளுக்கு நீதி கிடைக்கவில்லை. பேசியவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இளவேனில், இரண்டும் போய்விட்டன.

#12 இளவேனில் எழுதியது:

ஐயா, அதைப் படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 2010 பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் நாடாக்களைப் பிடுங்கினால் நீதி வரும் என்று நம்பியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

#13 கயல்விழி எழுதியது:

மற்ற பத்திரிகையாளர்களையும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன். மலோனி உயிரோடு இருந்து போராட முடிந்தது. சண்டே வேர்ல்டின் மார்ட்டின் ஓஹேகனுக்கு அது வாய்க்கவில்லை. 2001 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை இரவு. லர்கன் நகரில் மனைவியோடு வீட்டுக்கு நடந்து வரும்போது சுட்டார்கள். விசுவாசிகளின் ஆயுதக் குழுக்களைத் தொடர்ந்து அம்பலப்படுத்தியவர். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

2019 ஏப்ரல் 18-இல் டெரியின் கிரெகன் பகுதியில் கலவரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற லைரா மக்கீ, சமாதானத்தை ஏற்காத 'புதிய ஐஆர்ஏ' என்ற குழுவின் குண்டுக்குப் பலியானார். வயது 29. சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறையைப் பற்றி எழுதியவர்.

வென்ற கதையும் உண்டு. 2009-இல் சுசான் பிரீனிடம், சமாதானத்தை ஏற்காத இன்னொரு குழுவான ரியல் ஐஆர்ஏ தொடர்பான குறிப்புகளைக் காவல்துறை கேட்டது. கொடுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்று நீதிபதி ஏற்றுக்கொண்டு மனுவைத் தள்ளினார். லக்கினைலண்ட் மதுக்கடையில் 1994-இல் உலகக் கோப்பைக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ட்ரெவர் பிர்னியையும் பாரி மக்காஃப்ரியையும் 2018-இல் கைது செய்தார்கள். தேடுதல் ஆணை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது, காவல்துறை இழப்பீடு கொடுத்தது. அவர்களைக் காவல்துறை சட்டவிரோதமாக வேவு பார்த்தது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பாயமும் சொல்லிவிட்டது.

அதே 2024 செப்டம்பரில் ஃபினுகேன் கொலைக்குப் பொது விசாரணை அறிவிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் மனைவி ஜெரால்டின் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தபோது எங்கள் வார்டில் ஒரு மூதாட்டி ஒலியைக் கூட்டச் சொன்னார். அதுவரை அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர். செய்தி முடியும்வரை கண் இமைக்காமல் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

#14 தமிழ்க்குமரன் எழுதியது:

நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. பாஸ்டனில் மீதியிருந்த நாடாக்கள் என்னவாயின?

#15 அச்சுமை எழுதியது:

2014-இல் கல்லூரி, பேட்டி கொடுத்தவர்கள் கேட்டால் அவரவர் நாடாவைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதற்குள் ஃபால்ஸ் சாலைச் சுவர்களில் 'பாஸ்டன் கல்லூரி டவுட்கள்' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். கயல்விழி சொன்ன அதே சொல்.

திரும்பப் பெற்றவர்களில் ரிச்சர்ட் ஓராவும் ஒருவர். 1981 உண்ணாவிரதத்தின்போது சிறைக்குள் இருந்த ஐஆர்ஏ கைதிகளின் செய்தித் தொடர்பாளர். பத்துப் பேர் செத்த அந்தப் போராட்டத்தில் கடைசி ஆறு பேரைக் காப்பாற்ற வழி இருந்தது என்று நாடாவில் பேசியவர். பிறகு அதைத் தானே நூலாகவும் எழுதினார். தலைமையில் இருந்தவர்கள் மறுத்தார்கள். தன் குரல் அடங்கிய பதிவுகள் கைக்கு வந்ததும், வீட்டுக் கணப்பில் நெருப்பு மூட்டி, எல்லாவற்றையும் அதில் போட்டு எரித்துவிட்டார்.